பதில்: அண்ணன் சாப்பாட்டில் குடிநிறுத்தும் மாத்திரை கலக்கலாமா?

சகோதரி, அண்ணனுக்குத் தெரியாமல் சாம்பாரில் டைசல்ஃபிராம் பொடித்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது குடிக்கும் ஆசையைப் போக்கும் மருந்து இல்லை. உள்ளே போன மது உடைந்து வெளியேறுவதைப் பாதியில் தடுத்துவிடும். முகம் சிவக்கும், வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும். உயிரும் போகலாம்.

எங்கள் சித்தி ஒரு தடவை ரசத்தில் கலந்தார். ராத்திரி சித்தப்பா கொல்லைப்புறத்தில் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு என்றே நினைத்தோம். “என்ன சாப்பிட்டார்?” என்று டாக்டர் கேட்டபோது சித்தி வாயைத் திறக்கவில்லை. அப்புறம் விஷயம் தெரிந்ததும் சித்தப்பா விட்டது குடியை அல்ல, வீட்டுச் சாப்பாட்டை. ஆறு மாதம் கடைப் பரோட்டாதான்.

மாத்திரையை நிறுத்தினாலும் 2 வாரம் வரை அதன் வேலை இருக்கும். தெரிந்து சாப்பிடுபவர்தான் அத்தனை நாளும் எச்சரிக்கையாக இருக்க முடியும். உங்கள் பாசம் புரிகிறது, ஆனால் உடம்பு அவருடையது.

காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். தினமும் குடிப்பவருக்கு வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். வர மறுத்தால் நீங்களே அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்து யோசனை கேட்கலாம், இலவசம்தான். அவர் வாங்கும் கைமாற்றை நீங்கள் அடைப்பதையும் நிறுத்தலாம். அது உங்கள் பணம்.