நீலப்பச்சைக் கல்: தூர்மலினா, அக்வாமரினா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்தியபோது, விரல் நீளத்துக்கு நீலப்பச்சைக் கல் ஒன்று கிடைத்தது. ஒரு தரகர் "பராய்பா தூர்மலின், லட்சக்கணக்கில் போகும்" என்கிறார். இன்னொருவர் அக்வாமரின் என்கிறார். நாமே கண்டுபிடிக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பாதி வேலையை நீங்களே செய்யலாம். முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். அக்வாமரின், தூர்மலின், அபடைட் என்ற இன்னொரு கனிமம், மூன்றுக்குமே இந்த நிறம் வரும்.

உடையாத பட்டைகள் இருந்தால், கல்லின் முனையை நேராகப் பாருங்கள். பக்கங்கள் வெளியே பிதுங்கிய முக்கோணமாகத் தெரிந்தால் தூர்மலினாக இருக்கலாம். சீரான அறுகோணம் என்றால் அக்வாமரினாகவோ அபடைட்டாகவோ இருக்கலாம். அடுத்து, நகத்தைக் குறுக்கே இழுங்கள். தூர்மலினில் நெடுக்காக ஓடும் நெருக்கமான வரிகள் நகத்தில் தட்டும். அக்வாமரினின் பட்டைகள் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். நான் எப்போதும் முதலில் நம்புவது இந்த இரண்டையும்தான்.

அப்புறம் வெயிலில் பிடித்துத் திருப்புங்கள். பக்கவாட்டில் நீலப்பச்சையாக இருக்கும் தூர்மலின், முனை வழியாகப் பார்த்தால் நன்றாக இருண்டுவிடும், சிலசமயம் கறுப்பாகவே. அக்வாமரினில் இவ்வளவு மாற்றம் வராது.

அபடைட்டைக் கத்தி கீறிவிடும், மற்ற இரண்டையும் கீறாது. ஆனால் நல்ல பட்டையில் கத்தி வைக்காதீர்கள். உடைந்து விழுந்த சில்லு இருந்தால் அதில் பாருங்கள்.

தாய்ப்பாறை (கல் உருவான பாறை) ஒட்டாத கல் என்றால் நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கி மறுபடி எடை பாருங்கள். முதல் எடையை, தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் அக்வாமரினுக்கு 2.7 அளவில் வரும். தூர்மலினுக்கு 3-க்கு மேல்.

கல் கிடைத்த இடத்தையும் பாருங்கள். வெங்கச்சாங்கல்லும் (குவார்ட்ஸ்) காக்காப்பொன்னும் (மைக்கா) கலந்த பெக்மடைட் என்ற பாறையில் அக்வாமரின், தூர்மலின் இரண்டுமே வரும். வண்ணத் தூர்மலினுக்குப் பெரும்பாலும் லித்தியம் வேண்டும் என்பதால், கூடவே லித்தியம் உள்ள இளஊதா நிறக் காக்காப்பொன் இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் ஊருக்கு அருகே படியூர்ப் பக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே அக்வாமரின் தோண்டியெடுத்திருக்கிறார்கள். அதனால் என் முதல் சந்தேகம் அக்வாமரின் மேல்தான்.

பராய்பா விஷயத்துக்கு வருவோம். 1980களில் பிரேசிலின் பராய்பா மாநிலத்தில் கிடைத்த தூர்மலின் அது; பிறகு நைஜீரியாவிலும் மொசாம்பிக்கிலும் கிடைத்தது. உள்ளிருந்து எரிவது போன்ற அந்த நிறத்துக்குக் காரணம் செம்பு. சாதாரண நீலத் தூர்மலினுக்கு நிறம் தருவது இரும்பு. உள்ளே செம்பு இருக்கிறதா என்பதைக் கண்ணாலோ லென்ஸாலோ யாராலும் சொல்ல முடியாது, ஆய்வகத்தின் வேதிச் சோதனைதான் சொல்லும். அந்தச் சான்றிதழ் கையில் வரும்வரை கல்லைத் தரகரிடம் கொடுக்காதீர்கள், பட்டை தீட்டவும் அனுப்பாதீர்கள். மேலும் தோண்டும் எண்ணம் இருந்தால், நிலம் உங்களுடையதாக இருந்தாலும் முதலில் மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.