கெத்தும் ஓட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வார்டு தேர்தலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நின்றார். நாலும் தெரிந்தவர், ஊரே மதிக்கும் மனிதர். முன்னும் பின்னும் பைக்குகள் சூழ, திறந்த ஜீப்பில் வந்தவரிடம் தோற்றுப்போனார். டெபாசிட்கூட மிஞ்சவில்லை. நம் ஜனங்களுக்குக் கெத்து போதும், விவேகம் வேண்டாம் என்று முடிவுகட்டிவிடலாமா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

அவ்வளவு சீக்கிரம் முடிவுகட்டாதீர்கள். கெத்தைப் பார்க்க ஜனம் கூடும், கைதட்டும். ஓட்டுப் போடும்போது வேறு கணக்கும் போடும்.

1945 பிரிட்டன் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்லரை வீழ்த்திய கையோடு தேர்தலுக்கு வந்தார் பிரதமர் சர்ச்சில். சுருட்டு, இரண்டு விரல் வெற்றிச் சின்னம், அந்தக் குரல். கெத்து என்றால் அவர்தான். அந்த மே மாதக் கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் அவரை மெச்சினார்கள். போன இடமெல்லாம் தெரு நிறைந்தது. எதிரே தொழிற்கட்சியின் அட்லீ, வழுக்கைத் தலையும் பைப்புமாக, பார்த்தால் ஒரு வங்கி மேலாளர் போலிருப்பார். சொந்தச் சின்னக் காரில் பிரச்சாரத்துக்குப் போவார். மனைவி வயலட்தான் ஓட்டுவார்.

ஜூன் 4 அன்று வானொலியில் பேசிய சர்ச்சில், சோஷலிச ஆட்சிக்கு ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ மாதிரி ஒரு போலீஸ் தேவைப்படும் என்று சொன்னார். ஐந்து வருடம் தன் போர்க்கால அமைச்சரவையில் கூடவே உட்கார்ந்து வேலை பார்த்த அட்லீயின் கட்சியைப் பற்றி! மறுநாள் இரவு அட்லீ பதில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. ஒன்றுபட்ட நாட்டின் போர்த் தலைவரான சர்ச்சில் வேறு, கன்சர்வேடிவ் கட்சித் தலைவரான சர்ச்சில் வேறு என்பதை அவரே காட்டிவிட்டார், அதற்கு நன்றி என்றார். எனக்கு மிகவும் பிடித்த அரசியல் பதில் இது.

தொழிற்கட்சி 393 இடம் பிடித்து ஜெயித்தது. குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்கும், போர்முனையிலிருந்து வேலை தேடித் திரும்பவேண்டிய சிப்பாய்களுக்கும் வீடு, வேலை, மருத்துவம் என்று அந்தக் கட்சி பேசியது. மக்கள் சர்ச்சிலை வெறுக்கவில்லை. அவர் செய்யவேண்டிய வேலை முடிந்துவிட்டதாக நினைத்தார்கள், அவ்வளவுதான். 1948இல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்தது.

கெத்து ஜெயிப்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1951இல் சர்ச்சில் திரும்ப வந்தார். ஆனால் அப்போதும் அவர் அணியைவிடத் தொழிற்கட்சிக்குத்தான் ஏறத்தாழ 2 லட்சம் ஓட்டு அதிகம். தொகுதிக் கணக்குதான் காலை வாரிவிட்டது. பயமும் குழப்பமும் சூழ்ந்த நேரத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர் பின்னால் ஜனம் போகத்தான் செய்யும். 1940இல் பிரிட்டனுக்கு அது தேவையாகவும் இருந்தது.

சரி, உங்கள் தலைமையாசிரியருக்கு வருவோம். அவர் விவேகி என்று எழுதியிருக்கிறீர்கள். குடிதண்ணீர் பற்றி, சாக்கடை பற்றி, தெருவிளக்கு பற்றி வீடு வீடாகப் போய் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லையே? ஜீப்பில் வந்தவர் ஏதாவது சொன்னாரா? தோற்றதற்கு ஜனங்களைக் குறை சொல்லுமுன் அதை எனக்கு எழுதுங்கள்.