லெஸ்டரிலிருந்து மெல்பேர்னுக்கு வரும் தாதித் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

லெஸ்டரில் பத்து ஆண்டுகள் தாதியாக வேலை செய்துவிட்டு அடுத்த மாதம் மெல்பேர்னில் ஒரு வைத்தியசாலையில் சேரப்போவதாக எழுதியிருந்தீர்கள். பிரித்தானிய ஆங்கிலம் நன்றாகப் பழகிய உங்களுக்கு அவுஸ்திரேலியப் பேச்சு உண்மையிலேயே சிரமம் தருமா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் பேர்மிங்காமில் ஏழு ஆண்டுகள் தாதியாக இருந்துவிட்டு 2008 இல் இங்கு வந்தவள். சிரமம் தரும் என்பதே என் பதில், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. முன்பின் கேட்டிராத சொல் வந்தால் நீங்களே நிறுத்தி விளக்கம் கேட்பீர்கள். நன்கு தெரிந்த சொல் வேறொரு பொருளில் வரும்போது கேட்கவேண்டும் என்றே தோன்றாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை, வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று நாளாகியிருந்த பெரியவர் ஒருவரிடம் காலையில் சுகம் விசாரித்தேன். "பிரிட்டி ஓர்டினரி, லவ்" என்றார். வழமைபோல் இருக்கிறார் என்று விளங்கிக்கொண்டு, காய்ச்சலையும் நாடியையும் அடுத்த சுற்றில் பார்க்கலாம் என எண்ணி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அரை மணித்தியாலத்தில் மூத்த தாதி என்னை அழைத்துக்கொண்டு போய் அவரைக் காட்டினார். போர்வையைத் தாடைவரை இழுத்துப் பிடித்தபடி அவர் நடுங்கிக்கொண்டிருந்தார், காய்ச்சல் 38.6. இந்த நாட்டில் 'ஓர்டினரி' என்றால் நன்றாக இல்லை, மோசம் என்று பொருள். அவர் தன் நிலையைத் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. உரிய நேரத்தில் மருந்து கொடுத்து அவர் குணமாகிவிட்டார் என்றாலும், அந்த அரை மணித்தியாலம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே வார்ட்டில் அடிக்கடி காதில் விழுபவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 'குரூக்' என்றால் உங்கள் ஊரில் மோசடிக்காரன். இங்கே ஒருவர் தன்னை 'குரூக்' என்று சொன்னால் உடம்புக்கு முடியவில்லை என்கிறார். 'யா, நா' என்று ஆமும் இல்லையும் சேர்ந்து வந்தால் கடைசியில் நிற்பதுதான் பதில். அது மனம் நோகாமல் மறுக்கும் முறை. வலிமாத்திரை வேண்டுமா என்று கேட்டு இந்தப் பதில் வந்தால், வேண்டுமா வேண்டாமா என்று இன்னொரு முறை நேராகக் கேட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் தன் 'தோங்ஸ்' இருக்கிறதா என்று ஒரு பாட்டி கேட்டால் கூச்சப்பட வேண்டாம். பிரித்தானியாவில் உள்ளாடையைக் குறிக்கும் அந்தச் சொல் இங்கே இரப்பர்ச் செருப்பைக் குறிக்கிறது. கைப்பைக்குள் எதையோ துழாவித் தேடுவதைச் சொல்ல அங்கே நீங்கள் பயன்படுத்தும் 'ரூட்' (root) என்ற வினை இங்கே உடலுறவைக் குறிக்கும் கொச்சை. அதை அடியோடு விட்டுவிடுவதே நல்லது.

சொற்களை வெட்டிச் சுருக்கி நுனியில் ஓர் 'ஓ' சேர்ப்பது இவர்களுக்கு இயல்பு. 'ஆர்வோ' என்றால் பின்னேரம், 'ஸ்மோக்கோ' வேலைக்கு நடுவிலான தேநீர் இடைவேளை, 'சேர்வோ' பெற்றோல் நிலையம். அம்புலன்ஸ் ஊழியர் 'அம்போ'. நம் தமிழில் கைவிடப்பட்ட நிலையைச் சொல்லும் ஒலி இங்கே கைகொடுக்க ஓடிவருபவரின் பெயராக இருப்பது எனக்கு முதல் நாளிலேயே பிடித்துப்போனது. அவர்களை வரவழைக்க 999 அல்ல, 000 என்ற இலக்கத்தையே அழைக்கவேண்டும். பழைய எண் விரலில் ஊறியிருக்கும் என்பதால் வந்த அன்றே இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குச் சாமான் வாங்கப் போனால் பெரிய கடைகளில் 'மான்செஸ்டர்' என்று பலகை தொங்கும். படுக்கைவிரிப்பு, தலையணையுறை, துவாய் எல்லாம் அங்கேதான் இருக்கும். பருத்தித் துணி ஒருகாலத்தில் மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்ததால் ஊரின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது. நீங்கள் 'டூவே' என்று சொல்லும் போர்வைக்கு இங்கே 'டூனா' என்று பெயர். விருந்துக்கு அழைப்பவர் ஒரு 'பிளேட்' கொண்டு வாருங்கள் என்றால், எல்லோரும் பகிர்ந்துண்ண ஏதாவது ஓர் உணவைச் செய்தோ வாங்கியோ கொண்டுவரச் சொல்கிறார். என்னுடன் வேலை செய்த ஸ்கொட்லாந்துப் பெண் வெறும் தட்டுடன் போய் வாசலில் கலங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நம் கையால் சுட்ட வடையோ ரோல்சோ கொண்டுபோனால் முதலில் காலியாகும் தட்டு அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பேச்சைத் தரம் குறைந்த ஆங்கிலம் என்று நினைக்கும் பிரித்தானியர் சிலரை நான் அறிவேன். அந்த எண்ணத்துடன் நீங்கள் வரக்கூடாது. உண்மையானது என்ற பொருளில் இவர்கள் சொல்லும் 'டிங்கம்' இங்கிலாந்தின் வட்டார வழக்கிலிருந்தே வந்தது. கடின உழைப்பைக் குறிக்கும் 'யாக்கா' பிரிஸ்பேன் பகுதிப் பூர்வகுடிகளின் யாகரா மொழிச் சொல். மக்வாரி அகராதி 1981 இலும் அவுஸ்திரேலியத் தேசிய அகராதி 1988 இலும் வெளிவந்து, இந்தச் சொற்களுக்கெல்லாம் உரிய இடம் கொடுத்துவிட்டன.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடும் உண்டு. மெல்பேர்னில் நீச்சலுடைக்கு 'பேதர்ஸ்', பிரிஸ்பேனில் 'டோக்ஸ்'. உங்கள் கணவர் அடிலெயிட் பக்கம் போய் ஒரு 'பைன்ட்' பியர் கேட்டால் அங்கே கைக்கு வருவது பிரித்தானியப் பைன்டைவிடச் சிறியது, 425 மில்லிலீற்றர்தான்.

நோயாளி சொன்னது அரைகுறையாக விளங்கினால், அவருடைய சொல்லை மேற்கோளுக்குள் எழுதி, அதன் பொருளை அவரிடமே கேட்டு உறுதிசெய்து பக்கத்திலேயே குறித்துவையுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். வருவதற்கு முன், அவுஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் மெல்பேர்ன் வானொலியை இணையத்தில் கேட்கத் தொடங்குங்கள். உங்களுக்கு இரவு பத்து மணியாகும்போது இங்கே விடிந்து காலை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும். அறிவிப்பாளரைவிட, தொலைபேசியில் அழைத்துப் பேசும் நேயர்களைக் கவனியுங்கள். அவர்களைப் போன்றவர்கள்தாம் நாளை உங்கள் வார்ட்டில் படுத்திருக்கப் போகிறார்கள்.