'பர்லானொ' ஏன் தப்பு? இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் விழும் இடம்

கேள்வி: இத்தாலியச் சொல்லில் கடைசிக்கு முந்தின அசையில்தான் அழுத்தம் என்று படித்திருந்தேன். அதை நம்பி, 'பேசுகிறார்கள்' என்பதற்கு 'பர்-லா-னொ' என்றேன், வகுப்பில் சிரித்துவிட்டார்கள். எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழி உண்டா? அசை பிரிப்பது எப்படி?

பதில்: எழுத்தை மட்டும் வைத்து முழுசாகக் கண்டுபிடிக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த விதி பெரும்பாலான சொற்களுக்குச் சரிதான், ஆனால் 'அவர்கள்' வடிவத்தில் காலை வாரிவிடும்.

'நான்' வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'பர்லொ' (பேசுகிறேன்) என்பதில் அழுத்தம் 'பர்' மேல். நிகழ்காலத்தில் 'அவர்கள்' என்று வரும்போது பின்னால் ஓர் அசை கூடுமே தவிர அழுத்தம் நகராது, 'பர்-ல-னொ', அதே 'பர்'. 'தெ-லே-ஃபொ-னொ' (தொலைபேசுகிறேன்) 'தெ-லே-ஃபொ-ன-னொ' ஆகும்போது அழுத்தம் கடைசியிலிருந்து நாலாவது அசையில் நிற்கும், வாய் பின்னால் ஓடத்தான் பார்க்கும், விடாதீர்கள். நாம், நீங்கள் வடிவங்களில் மட்டும் அது விகுதிக்குத் தாவும்: 'பர்-லியா-மொ', 'பர்-லா-தெ'. சரி, 'நான்' வடிவத்தில் எங்கே என்று யார் சொல்வது? அகராதிதான். நல்ல இத்தாலிய அகராதிகள் வினைக்குப் பக்கத்திலேயே அந்த வடிவத்தைக் குறி போட்டுத் தருகின்றன.

நமக்குக் கைகொடுப்பது குறில் நெடில் காது. அழுத்தம் விழும் அசை உயிரில் முடிந்தால் அந்த உயிர் நெடிலாக நீளும். 'கா-பி-தொ' என்றால் தற்செயலாக வந்து சேர்கிறேன், 'க-பீ-தொ' என்றால் புரிந்தது. கடைசி அசையில் அழுத்தினால் 'நேர்ந்தது', ஆனால் அங்கே நெடில் கிடையாது, வெட்டினாற்போல் நிற்கும். (ப, த இரண்டும் 'பத்து', 'தலை' என்பவற்றின் முதலெழுத்துப் போல வன்மையாக.) எழுத்தில் அழுத்தக் குறி கட்டாயம் வருவது இந்தக் கடைசி வகைக்குத்தான், மற்ற இரண்டும் தாளில் ஒரே மாதிரி இருக்கும்.

'-எரெ' என்று முடியும் வினைப்பெயர்களுக்கு ('பார்க்க', 'எழுத' போன்ற மூல வடிவம்) விதியே இல்லை, மனப்பாடம்தான்: 'வெ-தே-ரெ' (பார்க்க) விகுதியில், 'ஸ்க்ரீ-வெ-ரெ' (எழுத) பகுதியில்.

அசை பிரிப்பது சுலபம். இரட்டித்த மெய் நம் 'முத்-து' போலவே உடையும்: 'மெத்-தொ' (வைக்கிறேன்). ஸகரத்துக்குப் பின் வேறு மெய் வந்தால் இரண்டும் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும், 'அஸ்-பெத்-தொ' அல்ல, 'அ-ஸ்பெத்-தொ' (காத்திருக்கிறேன்). வரிக் கடைசியில் சொல்லை உடைக்கும்போது இதில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள்.