மிங்க் என்று எழுதினால் மிங்க் ஆகிவிடுமா?

முகூர்த்த மாதம் நெருங்குகிறது. இந்த வாரக் கடிதங்களில் முக்கால்வாசி, சொந்த இமை முடியோடு ஒட்டுகிற கூடுதல் முடி பற்றித்தான்.

கேள்வி: பார்லரில் ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் புதிதாகத் தொடங்குகிறேன். சிந்தெடிக், சில்க், மிங்க் என்று மூன்று விலையில் டிரே காட்டுகிறார்கள். எது வாங்கலாம்? (அஸ்தம்பட்டி)

பதில்: மிங்க் என்பது கீரி போன்ற ஒரு விலங்கு, அதன் முடி என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் பெரும்பாலும் மூன்றும் ஒரே பிளாஸ்டிக்தான். பி.பி.டி. என்கிற பாலியெஸ்டர் இழை. பளபளப்பும் நுனி கூர்மையும் கொஞ்சம் மாறும், விலை நிறைய மாறும்.

நான் பிறந்தது சேலம் அம்மாப்பேட்டையில், தறிச் சத்தத்துக்கு நடுவே. நூலில் சந்தேகம் வந்தால் எங்கப்பா ஓர் இழையைப் பிய்த்துத் தீயில் காட்டுவார். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான், அக்கா மகள் கல்யாணத்துக்கு 'ஒரிஜினல் மிங்க்' என்று 2,200 ரூபாய் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்து தீக்குச்சி கிழித்த பிறகே புத்தி வந்தது. கறுப்பு மணி! வெண்பட்டு வேட்டிக்குப் பேர்போன ஊர்க்காரி ஏமாந்த கதை இது, வெளியே சொல்லாதீர்கள்.

பிளாஸ்டிக் என்பதில் குற்றமே இல்லை. வளைவு நிற்கும். நிஜ மிங்க் முடி நனைந்தால் வளைவு தளரும், சிலருக்கு விலங்கு முடி ஒத்துக்கொள்ளாது. பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் விலைக்கு விற்றுத் தொலையுங்கள் என்பதுதான் என் சண்டை.

பெட்டியில் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். முடிக்கு முடி ஒட்ட 0.15 மி.மீ. தடிமன், மெல்லிய இமைக்கு 0.12. விசிறி போல் சேர்த்து ஒட்டும் வால்யூமுக்கு 0.05 அல்லது 0.07. 0.15-க்கும் 0.20-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அதே நீளத்தில் சுமை முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது, தாங்குவது அந்தப் பெண்ணின் சொந்த முடி. நீளமும் சொந்த முடியைவிட 2, 3 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். தொடக்கத்துக்கு 8 முதல் 12 மி.மீ. வரை கலந்த டிரே, சி என்கிற மிதமான வளைவில் போதும்.

கேள்வி: குட்டை இமை, மூக்குக்கண்ணாடி வேறு. ஆனாலும் சி-யைவிட அதிகம் வளைந்த டி வளைவில் 15 மி.மீ.தான் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். (ஐந்து ரோடு)

பதில்: கண்ணாடியை இமையாலேயே துடைக்கவா? 9 அல்லது 10, சி வளைவு. பிடிவாதம் பிடித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சேலத்தில் தங்கை கடையில் நன்றாக ஒட்டுகிற அதே பசை, இங்கே இமைக்குப் போகும் முன்பே இறுகிவிடுகிறது. டூப்ளிகேட்டா? (ஏற்காடு)

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள், இது மூடுபனியின் வேலை. சயனோஅக்ரிலேட் பசை காற்றிலுள்ள ஈரத்தில்தான் இறுகும். தங்கையின் ஏ.சி. அறையில் காற்று காய்ந்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவந்தால் காற்றே வேறு. அறையில் ஈரப்பதமானி ஒன்று மாட்டுங்கள். பசை டப்பாவில் எத்தனை சதவீத ஈரத்துக்கு என்று போட்டிருக்கும், மெதுவாக இறுகும் ரகமாக எடுங்கள். திறந்த தேதியை டப்பா மேலேயே எழுதிவையுங்கள், ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 120 ரூபாய்க்குப் பசை வாங்கினேன். கம்பெனி பெயரோ தேதியோ இல்லை. நான்கு மாதம் கழித்துத் திறந்தால் கல்லாகிக் கிடக்கிறது. பணம் கிடைக்குமா? (சூரமங்கலம்)

பதில்: கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய்க்குக் காம்பு பார்க்கிறவர்கள், கண்ணில் வைக்கும் பொருளுக்கு முகவரி பார்க்க மாட்டீர்களா? தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. போன மாதமும் இதே கடிதம் வந்தது, ஊர்தான் வேறு.

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் ஒட்டினார்கள். பசை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் கிடையாது. விடியும்போது இரண்டு இமையும் வீங்கி, நீர் வழிந்தது. 'உனக்கு உடம்புச் சூடு' என்கிறார் பார்லர் அக்கா. பில்லும் தரவில்லை. (ஆத்தூர்)

பதில்: படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறதம்மா. முதலில் கண் டாக்டர். நீங்களாகப் பிய்க்காதீர்கள், சொந்த முடியும் சேர்ந்து வந்துவிடும். சூடாவது ஒன்றாவது! பசை ஒவ்வாமை போலத்தான் தெரிகிறது. 24 முதல் 48 மணி நேரம் முன்பே துளி வைத்துப் பார்த்திருக்க வேண்டியது அவர் வேலை. வீங்கிய முகத்தைப் போட்டோ எடுங்கள். மருத்துவச் சீட்டு, ஜிபே மெசேஜ், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: டிரேயில் பாதி முடி வளைவே இல்லை. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் பார்லர்காரி, நுகர்வோர் ஆவேனா? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: சுயதொழிலாக உங்கள் பிழைப்புக்கு வாங்கியிருந்தால் ஆவீர்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த அச்சு செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் உங்களுக்கு உண்டு. பில்லோடு போய் நில்லுங்கள்.

கேள்வி: ஒட்டிய மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா? (ஓமலூர்)

பதில்: எண்ணெய் பட்டால் பசை இளகும். தீபாவளிக்கு முந்தின நாள் ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.