“சரி டாக்டர்” என்றவர்கள் ஏன் திரும்பி வரவில்லை?

கேள்வி: சென்னையில் பி.டி.எஸ். முடித்து, அமெரிக்காவில் மறுபடியும் படித்துத் தேறி, இப்போது டெக்சஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சமூக நல மருத்துவ மையத்தில் பல் மருத்துவராக இருக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். என் ஸ்பானிஷ் அரைகுறை. சொல்வதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள், ஆனால் அடுத்த முறை வருவதில்லை. சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மாவுக்குப் பல் எடுக்க வேண்டியிருந்தது. நான் சொன்னதை அவருடைய பத்து வயது மகள்தான் ஸ்பானிஷில் சொன்னாள். “இவர்கள் கலாச்சாரமே அப்படி, பல்லைப் பற்றி அக்கறை கிடையாது” என்கிறார் உடன் வேலை செய்பவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள டாக்டர்,

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். கலாச்சாரம் பற்றிய பேச்சுக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தச் சிறுமியின் விஷயம், அதுதான் அவசரம்.

அமெரிக்காவில் 2010-ல் வந்த அஃபோர்டபிள் கேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அதன் விதிகளும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மத்திய அரசின் பணம் பெறும் மருத்துவ மையம், ஆங்கிலம் போதாத நோயாளிக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணம் வாங்காமல் ஏற்பாடு செய்ய வேண்டும். உயிர் போகும் அவசரம் தவிர வேறெப்போதும் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பதும் போதாது, மருத்துவப் பேச்சைப் பிசகில்லாமல் சொல்லும் தகுதி அவருக்கு இருக்க வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். அம்மாவின் சர்க்கரை எவ்வளவு, ஈறில் எத்தனை நாளாகச் சீழ், கையில் காசு இருக்கிறதா, இதெல்லாம் பத்து வயதுப் பிள்ளை வாயில் வர வேண்டிய பேச்சா? பயந்துபோய்ப் பாதியை விழுங்கிவிடும். மகள் பயப்படுவாளே என்று அம்மாவும் பாதியைச் சொல்ல மாட்டார். அந்த அம்மாவை இந்த வாரமே தொலைபேசியில் கூப்பிடுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் வைத்துக்கொண்டு. பல் எடுத்த இடம் ஆறுகிறதா, சர்க்கரைக்கு என்ன மருந்து சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தார் என்று கேளுங்கள். இன்னும் பல் எடுக்கவில்லை என்றால் சம்மதத்தையும் முதலிலிருந்து வாங்குங்கள்.

உங்கள் மையத்தில் தொலைபேசி அல்லது காணொளி மொழிபெயர்ப்புச் சேவை அநேகமாக இருக்கும், யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான். பல் மருத்துவத்தில் அதைப் பயன்படுத்த ஒரு முறை இருக்கிறது. நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன்பே பேச வேண்டியதைப் பேசி முடியுங்கள். வாய் நிறையப் பஞ்சும் உறிஞ்சுகுழாயுமாக இருக்கும்போது எந்த மொழியிலும் பதில் வராது. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். பேசும்போது முகக்கவசத்தை இறக்கி, திரையையோ போனையோ பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள்.

இனி அந்தத் தலையாட்டல். நீங்கள் சென்னையில் பயிற்சி எடுத்தவர். டாக்டர் சொல்வதற்கெல்லாம் “சரிங்க” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் நர்ஸம்மாவிடம் “என்னங்க சொன்னாரு?” என்று கேட்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோ கிராமத்திலிருந்து வந்தவர்களிடமும் அதே பழக்கம் உண்டு. படித்தவரை எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். ஸ்பானிஷில் “சி” என்றால் ஆமாம். அவர்களின் “சி, டாக்டர்” உங்களுக்குக் கொடுக்கும் மரியாதை. சிகிச்சைக்குச் சம்மதமா என்பதை நீங்கள் தனியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு “புரிந்ததா?” என்று கேட்டால் பயனில்லை, யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். “வீட்டுக்குப் போனதும் உங்கள் கணவரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். எங்கே விட்டுப்போயிற்று என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்படியே இன்னொன்றும் தெரியும்: முடிவு அவர் ஒருவருடையதா, குடும்பத்துடையதா? ரூட் கேனாலா, பல் எடுப்பதா என்பதைக் கணவரிடமோ மூத்த மகளிடமோ கேட்காமல் சொல்ல முடியாது என்பவர்கள் நிறைய. அவர்களையும் உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். மொழிபெயர்க்க அல்ல, சேர்ந்து யோசிக்க. பெரியவர்களிடம் எப்போதும் “உஸ்தெத்”, அதாவது மரியாதையான “நீங்கள்”, போட்டே பேசுங்கள். இரண்டு நிமிடம் ஊரையும் பிள்ளைகளையும் விசாரித்துவிட்டு அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள், அவர்கள் உங்களை நம்பத் தொடங்குவது அதில்தான்.

திரும்பி வராததற்கு வருவோம். கலாச்சாரத்தில் காரணம் தேடுவதற்கு முன் கணக்கில் தேடுங்கள். டெக்சஸ், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலம். அங்கே தோட்டத்திலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெரியவர்கள் பலருக்குப் பல்லுக்குக் காப்பீடே கிடையாது. பகலில் வந்தால் அன்றைய கூலி போச்சு. மத்திய அரசின் உதவி பெறும் மையமாக உங்களுடையது இருந்தால், வறுமைக்கோட்டின் 200 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் கடமை அதற்கு உண்டு. இதை நோயாளியிடம் யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா என்று பாருங்கள். சிகிச்சைத் திட்டத்தோடு தொகையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் வராமலே போய்விடுகிறார்கள்.

இதைவிடப் பெரியது பயம். 2024 நவம்பர் முதல் டெக்சஸ் மருத்துவமனைகளில் நோயாளியின் குடியுரிமை நிலையைக் கேட்கிறார்கள். பதில் சொல்ல மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சை உண்டு, ஆனால் கேள்வி ஊருக்குள் பரவும் வேகத்தில் இந்த விவரம் பரவுவதில்லை. 2025 ஜனவரியில், மருத்துவமனை, பள்ளி, கோயில் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்ற பழைய மத்திய அரசு வழிகாட்டலும் விலக்கப்பட்டது. ஒரே வீட்டில் அப்பாவுக்குக் குடியிருப்பு அனுமதிக் காகிதம் இல்லை, பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்ற குடும்பங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம். பிள்ளைக்கு மெடிக்கெய்டில் பல் சிகிச்சை கிடைக்கும் என்று தெரிந்தும் படிவத்தில் கையெழுத்திட அஞ்சுவார்கள்.

உங்களுக்கு யாராவது சொன்னார்களோ தெரியாது, அங்கிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. 281-ஆம் எண் சாலையில் ஃபால்ஃபுரியஸ், 77-ஆம் எண் சாலையில் சரிட்டா. சிக்கலான தாடை அறுவைக்கு “சான் அன்டோனியோ போங்கள்” என்று நீங்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால், காகிதம் இல்லாதவரால் அந்தச் சாவடியைத் தாண்டவே முடியாது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் “அக்கறை இல்லை” என்று குறிப்பேட்டில் எழுதுவீர்கள். எனக்கு இதில்தான் மனம் கொதிக்கிறது. எனவே யாரையும் மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது “அங்கே போய்வர உங்களுக்கு ஏதாவது சிரமம் உண்டா?” என்று மட்டும் கேளுங்கள். காரணத்தைத் தோண்டாதீர்கள், அவர் சொன்னாலும் மருத்துவக் குறிப்பில் எழுதாதீர்கள். சாவடியைத் தாண்டாமலே போகக்கூடிய மெக்கல்லனிலோ பிரவுன்ஸ்வில்லிலோ யார் பார்ப்பார்கள் என்ற பட்டியலை இப்போதே தயார் செய்து வையுங்கள்.

சிலர் வடக்கே போகாமல் தெற்கே போவார்கள். எல்லைப் பாலத்தைத் தாண்டினால் மெக்சிகோவின் நுவேவோ புரோக்ரெசோ, தெரு முழுக்கப் பல் மருத்துவமனைகள். விலை பல மடங்கு குறைவு, டாக்டர் அவர்கள் மொழியிலேயே பேசுவார். அங்கே போட்ட கிரௌனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சுளித்தால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பார்கள். என்ன செய்தார்கள், எக்ஸ்ரே இருக்கிறதா, இம்பிளான்ட் என்றால் எந்தக் கம்பெனி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வரும் மாத்திரைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். மெட்டமிசோல் என்ற வலி மாத்திரை மெக்சிகோவில் சர்வ சாதாரணம். நம் ஊரில் அனால்ஜின் என்று பார்த்திருப்பீர்களே, அதேதான். ரத்தத்தின் வெள்ளணுக்களை அபாயமாகக் குறைக்கலாம் என்பதால் அமெரிக்காவில் 1977-லேயே விலக்கிவிட்டார்கள். வாயில் புண்ணும் காய்ச்சலுமாக வருபவரிடம் இதைக் கேட்க மறக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டுவிட்டு வருபவர்களும் உண்டு.

வீட்டு வைத்தியத்தில் கிராம்பும் மன்சானிய்யா என்ற சீமைச் சாமந்தித் தேநீரும் பொதுவாகக் கெடுதல் செய்யாது, இருந்துவிட்டுப் போகட்டும். நிச்சயம் தடுக்க வேண்டியவை க்ரேத்தா, அசார்கோன் என்ற மஞ்சள், ஆரஞ்சுப் பொடிகள். குழந்தைக்கு வயிறு அடைத்துக்கொண்டது என்று கொடுப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் வெறும் ஈயம்தான். கேட்கும் விதத்தில் இருக்கிறது எல்லாம்: “சிலர் வீட்டில் ஏதாவது கொடுப்பார்கள், சிலர் அந்தப் பக்கமிருந்து வாங்குவார்கள், நீங்கள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்?” இப்படிக் கேட்டால் திட்டு விழாது என்று தெரிந்து சொல்வார்கள்.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினரை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் என்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாழ்நாளில் டைப் 2 சர்க்கரை நோய் வரக்கூடும் என்கிறது அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினம். உங்கள் நாற்காலிதான் சிலர் ஆண்டு முழுவதும் உட்காரும் ஒரே மருத்துவ நாற்காலி. திடீர் அதிர்ச்சியால்தான் சர்க்கரை வந்தது என்று சிலர் நம்புவார்கள், சுஸ்தோ என்பார்கள். சிரிக்காதீர்கள், “அப்போது என்ன நடந்தது?” என்று கேளுங்கள். ஒரு சாவு, ஒரு விபத்து, எல்லை கடந்த இரவு ஒன்று வெளியே வரலாம். இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்ற பயமும் பரவலாக உண்டு. கண் கெட்ட பிறகே இன்சுலினுக்கு வந்த உறவினர்களைப் பார்த்து வந்த பயம் அது. வாதாடாமல் அதைப் பொறுமையாக விளக்குங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் பேச வேண்டியது பெரும்பாலும் பாட்டியிடம். அம்மா வேலைக்குப் போக, பால் புட்டியோடு தூங்க வைப்பது அபுவேலாதான். “விழப்போகிற பால் பல்தானே” என்பார், நம் பாட்டிகளும் சொல்வதுதான். புட்டியில் இரவில் தண்ணீர் மட்டும் என்ற ஒன்றை முதலில் கேளுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். குழந்தையை அழகு என்று புகழ்ந்தால் லேசாகத் தலையைத் தொட்டுவிடுங்கள், தொடாமல் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. விழுந்த பல்லை வாங்கிப்போக அங்கே தேவதை வராது, எலி வரும். அந்த எலியின் பேரைச் சொல்லிப் பாருங்கள், குழந்தை வாயைத் தானே திறக்கும்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் இதை “ஹிஸ்பானிக் என்றால் இப்படி” என்று மனப்பாடம் செய்தால் உங்கள் சகாவின் இடத்துக்கே வந்து சேர்வீர்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலும் சிகாகோ, மயாமி, சான் டியாகோ நகரங்களிலும் 16,415 ஹிஸ்பானிக் மக்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், தென்னமெரிக்க வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் 10 சதவீதம், மெக்சிகோ வம்சாவளியினரிடம் 18 சதவீதம். ஒரே பெயருக்குள் அவ்வளவு வித்தியாசம். மூன்று தலைமுறையாக டெக்சஸில் இருந்து ஸ்பானிஷே பேசாதவரும் வருவார், அவரிடம் அரைகுறை ஸ்பானிஷில் தொடங்கினால் புண்படுவார். குவாத்தமாலாவிலிருந்து வந்தவருக்கு மாம் அல்லது கிச்சே தாய்மொழியாக இருக்கலாம், ஸ்பானிஷ் அவருக்கும் அரைகுறைதான். எனவே “எந்த மொழியில் பேசினால் உங்களுக்கு வசதி?” என்பதைப் பதிவு மேசையிலேயே கேட்கச் சொல்லுங்கள். அப்படியே பெயரையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். ஒரு முறை ஒன்று, மறுமுறை இன்னொன்று என்று பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு, ஒவ்வாமைக் குறிப்பு ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. இனிஷியலோடு அமெரிக்கா வந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் ஸ்பானிஷைக் கைவிடாதீர்கள். வணக்கம், நலம் விசாரிப்பு, “வலிக்கிறதா”, “கொஞ்சம் அழுத்தும்” வரை நீங்களே பேசுங்கள். நோய், மருந்து, சம்மதம் என்று வந்தவுடன் மொழிபெயர்ப்பாளர். அப்புறம், அந்த வட்டாரத்தில் ப்ரோமோதோரா என்ற ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் ஆரோக்கியம் பேசுகிறார்கள். உங்கள் மையத்துக்கும் அப்படி ஒருவர் இருக்கலாம். திரும்பி வராதவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அவரோடு ஒரு மதியம் உட்காருங்கள். யார் ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும்.