குருத்தணு (ஸ்டெம் செல்): கேள்வி பதில்

பொதுவான கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் யாருக்கும் சிகிச்சை சொல்ல முடியாது, அதனால் அதைக் கேட்க வேண்டாம்.

பிளஸ் டூ மாணவி: எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ. என்று படித்தேன். பிறகு ஒன்று ரத்தமாகவும் இன்னொன்று நரம்பாகவும் ஆவது எப்படி? ஸ்டெம் செல் இதில் எங்கே வருகிறது?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டெம் செல்லுக்கு இரண்டு திறமைகள் வேண்டும்: தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்க வேண்டும், வேறு வேலை செய்யும் செல்லாக மாறும் பிள்ளையையும் பெற வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அது ஸ்டெம் செல் இல்லை.

ஒரு சிவப்பணு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல் பெரும்பாலும் உறங்கிக்கொண்டேதான் இருக்கும். எப்போதாவது இரண்டாகப் பிரியும். அதன் வழி வந்த செல்களில் சில, சிவப்பணுப் பாதையில் இறங்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கிடைத்த இளஞ்செல் பிழைக்கும், கிடைக்காதது சாகும். பிழைத்ததற்குள் காட்டா-1 என்ற புரதம் ஹீமோகுளோபின் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது, வேறு பாதைக்கான மரபணுக்களை அடக்குகிறது. அடைபட்ட இடத்தில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களின் மேல் இறுகச் சுற்றிக்கொள்ளும், செல்லால் அதைப் படிக்க முடியாது. நான்கைந்து முறை பிரிவதற்குள் செல் சிறுத்து, உட்கரு சுருங்கி, கடைசியில் வெளியே தள்ளப்படுகிறது. பக்கத்தில் இருக்கும் மேக்ரோபேஜ் செல் அதை விழுங்கிவிடும். மிச்சம் இருப்பது 120 நாள் ஓடும் சிவப்பணு. உங்கள் உடம்பில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் இப்படிப் பிறக்கின்றன.

கெடுவதும் இதே படிகளில்தான். சிறுநீரகம் செயலிழந்தால் ஹார்மோன் இல்லை, இளஞ்செல் சாகிறது, ரத்தசோகை வருகிறது. பி12 குறைந்தால் டி.என்.ஏ. நகலெடுப்பது தடைபட்டு, செல் பிரிய முடியாமல் பெருத்துப்போகிறது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: மாறும்போது செல் எந்த மரபணுவையும் தொலைப்பதில்லை. சிலவற்றைத் திறக்கிறது, பலவற்றை மூடுகிறது.

தமிழில் தண்டுச் செல்லா, குருத்தணுவா?

குருத்தணு. வாழையில் புது இலை குருத்திலிருந்துதான் விரிகிறது. தண்டு என்பது ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தது. பேச்சில் ஸ்டெம் செல் என்றாலும் தவறில்லை.

ஏழு மாதக் கர்ப்பிணி: தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்கிறார்கள். சேமிக்கலாமா?

அந்த ரத்தத்தில் நிஜமாகவே ரத்த ஸ்டெம் செல்கள் உண்டு. 1988-இல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த சிறுவனுக்குச் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் அது அவனுடைய ரத்தம் அல்ல, பிறகு பிறந்த தங்கையுடையது. உங்கள் குழந்தைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் அதன் கொடி ரத்தத்திலும் அதே பழுது இருக்கும். அதைத் திருப்பிச் செலுத்திப் பயனில்லை. அளவும் போதாது: உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி செல் வேண்டும், ஒரு பை ரத்தம் பெரியவருக்கு எட்டுவது அரிது. 'எதிர்காலக் காப்பீடு' என்று தனியாரிடம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைக்கவில்லை. மூத்த பிள்ளைக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையால் தீரக்கூடிய நோய் இருந்தால் மட்டும் ஹெமட்டாலஜி (ரத்த நோய்) மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொன்று: வங்கிப் பையை நிரப்புவதற்காகக் கொடியை அவசரமாக வெட்ட விடாதீர்கள். ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் குழந்தைக்கு இரும்புச்சத்து சேரும்.

விலங்கியல் ஆசிரியர்: மரபணுவைத் தொலைப்பதில்லை என்கிறீர்கள். அதே பதிலில் சிவப்பணு உட்கருவையே தள்ளுகிறது என்கிறீர்களே?

ஐயா, சரியாகப் பிடித்தீர்கள். என் வாக்கியம் விதிவிலக்கு இல்லாததுபோல் எழுதப்பட்டுவிட்டது. இன்னொரு விதிவிலக்கும் உண்டு: கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி புரதத்தைச் செய்யும் பி செல், தன் டி.என்.ஏ.வில் துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டிக்கொள்கிறது. அதைக் கண்டுபிடித்த டொனெகாவாவுக்கு 1987-இல் நோபல்.

அதே ஆசிரியர்: அப்படியானால் முதிர்ந்த செல்லை மறுபடி ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்ப முடியும் என்பதும் சந்தேகம்தானே? ஜான் கர்டன் தவளையின் குடல் செல் உட்கருவை முட்டைக்குள் வைத்துப் புதுத் தவளை வளர்த்தாரே, அவர் எடுத்தது திசுவில் ஒளிந்திருந்த ஒரு ஸ்டெம் செல்லின் உட்கருவாக இருந்திருக்கலாமே?

இந்தச் சந்தேகம் 1962-இலிருந்தே இருந்தது, முதிர்ந்த செல்லின் உட்கருவிலிருந்து நகலாகப் பிறந்த டாலி ஆட்டுக்குட்டிக்குப் பிறகும் எழுந்தது. தீர்த்து வைத்தது அந்தப் பி செல்தான். 2002-இல் ஹோக்கெட்லிங்கர், ஜேனிஷ் என்ற ஆய்வாளர்கள் முதிர்ந்த பி செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய எலி முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து கரு ஸ்டெம் செல் எடுத்து எலியை உருவாக்கினார்கள். அந்த எலியின் உடம்பு முழுக்க, பி செல் வெட்டி ஒட்டிய அதே தழும்பு இருந்தது. ஸ்டெம் செல்லில் அந்தத் தழும்பு இருக்காது. முதிர்ந்த செல்தான் திரும்பியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கல்லூரி மாணவர் (குறுக்கிட்டு): ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா முட்டையே இல்லாமல் முதிர்ந்த செல்லைத் திருப்பினாரே?

ஆமாம். 2006-இல் எலியில், 2007-இல் மனிதத் தோல் செல்லில். ஆக்ட்-4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக் என்ற நான்கு மரபணுக்கள் போதுமானதாக இருந்தன. 2012-இல் கர்டனோடு நோபலைப் பகிர்ந்தார். சி-மிக் புற்றுநோயோடு தொடர்புடையது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவி: யமனாகா முறையில் திருப்பிய ஐ.பி.எஸ். செல்லிலிருந்து இதயத் தசை செய்கிறேன். 12-ஆம் நாளிலும் துடிப்பு இல்லை.

முதலில் அடர்த்தியைப் பாருங்கள். வளர்ப்புத் தட்டின் பரப்பில் 80 முதல் 95 விழுக்காட்டைச் செல்கள் மூடியிருக்கும்போதுதான், வின்ட் என்ற செல் சமிக்ஞையைத் தூண்டும் சிர் மருந்தைச் சேர்க்க வேண்டும். அடர்த்தி குறைந்தால் செல் உரிந்து மிதக்கும். அடுத்து சிர் அளவு: செல் வரிசைக்கு வரிசை மாறும். 12 குழித் தட்டில் 6, 8, 10, 12 மைக்ரோமோலார் வைத்து, இரண்டு மூன்று அடர்த்திகளோடு குறுக்காகச் சோதியுங்கள். 24 மணி நேரத்தில் நீக்குங்கள். 3-ஆம் நாள் அதே சமிக்ஞையை அடக்கும் வின்ட் தடுப்பானைச் சேர்க்க மறந்தால் இதயப் பாதை திறக்காது. முதல் வாரம் இன்சுலின் இல்லாத பி27 என்ற ஊட்டக் கலவையைப் போடுங்கள். இன்சுலின் அந்தக் கட்டத்தில் பாதையைக் கெடுக்கும். எல்லாம் சரியாக இருந்தும் துடிக்கவில்லையென்றால், வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி இருக்கிறதா என்று சோதனை செய்துவிட்டு, குரோமோசோமையும் பாருங்கள்.

என் மகனுக்கு ஆட்டிசம். ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

வேண்டாம், அம்மா. மேலே பார்த்தீர்கள்: தட்டில்கூட நாள் தவறாமல் சரியான சமிக்ஞை கொடுத்தால்தான் செல் வழிக்கு வருகிறது. நரம்பு வழி ஏற்றும் செல்களில் பெரும்பகுதி நுரையீரலில் சிக்கி, சில நாட்களில் அழிகிறது. மூளைக்குள் புகுந்து நரம்பாவதில்லை. தீங்கும் உண்டு: கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணுக்குள் செலுத்தியதில் ஃபுளோரிடாவில் மூன்று பெண்களின் பார்வை பறிபோனதை 2017-இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. யாராவது வற்புறுத்தினால், எந்தச் செல், எத்தனை, உள்ளே போனபின் அதற்குக் கட்டளை தருவது எது என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு?

அதே மூன்று கேள்விகள்.

சர்க்கரை நோய்க்கு ஊசி...

இப்படி இதற்குள் பலர் கேட்டுவிட்டீர்கள். நோயின் பெயரை மாற்றினாலும் மேலே எழுதிய பதில் மாறாது, அதைப் படியுங்கள். மருத்துவச் சோதனைகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண் காட்டினாலும், சோதனை நடக்கிறது என்றுதான் பொருள். பலன் நிரூபணமானது என்று அல்ல.

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். நான் தானம் தந்தால் முதுகெலும்பில் ஊசி குத்துவார்களா?

இல்லை, தம்பி. பெரும்பாலும், ஸ்டெம் செல்லை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் வரவைக்கும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசியைத் தோலுக்கடியில் நான்கைந்து நாள் போடுவார்கள், கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் அளவில். எலும்பு வலியும் தலைவலியும் வரும், பாராசிட்டமாலில் அடங்கும். பிறகு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், ஸ்டெம் செல் பிரிந்து, மீதி உங்களுக்கே திரும்பும். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். மஜ்ஜையை நேரடியாக எடுத்தாலும் இடுப்பெலும்பில்தான், மயக்க மருந்து கொடுத்து. கூடப்பிறந்தவரோடு ஹெச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. முதலில் அந்தப் பரிசோதனைக்கு நாளைக்கே ரத்தம் கொடுங்கள்.